11 கே.வி. கேபிளுக்கு எல்.ஏ. எங்கே: கம்பத்திலா, பேனலிலா, இரண்டிலுமா?

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பல்லடம் பக்கம் ஒரு சின்ன நூற்பாலை. இடியோடு கோடை மழை இறங்கிக்கொண்டிருந்தபோது பேனல் அறைக்குள் வெடிச்சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடியிருக்கிறார். பிரேக்கர் பேனலுக்குள் ஏறும் 11 கே.வி. கேபிளின் டெர்மினேஷன், அதாவது அதன் முனை இணைப்பு, கருகிப் போயிருந்தது. மறுநாள் நான் போனதும் ஆலையின் எலெக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மில்லே ஓடலைங்க சார். பிரேக்கர் ஆஃப்ல இருந்துச்சு. லோடே இல்லாத கேபிள் எப்படிங்க போகும்?"

பிரேக்கர் ஆஃபில் இருந்ததால்தான் போனது. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் எந்த வழியில் சரிசெய்வது என்ற பேச்சையே எடுக்க முடிந்தது. ஏனென்றால் அதற்குள் முதலாளியின் கையில் ஐந்து யோசனைகள் வந்து சேர்ந்திருந்தன. இருக்கிற எல்.ஏ.வை (லைட்னிங் அரெஸ்டர், மின்னல் அலையை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) கழற்றிவிட்டு 10 கே.ஏ. (கிலோ ஆம்பியர்) எல்.ஏ. போடு என்றார் ஒருவர். டிரான்ஸ்ஃபார்மரில் ஆர்சிங் ஹார்ன் (பொறி தாண்டுவதற்காக எதிரெதிரே வைத்த இரண்டு கொம்பு) இருக்கிறதே, இடைவெளியைக் குறைத்தால் போதும் என்றார் இன்னொருவர். கேபிளையே எடுத்துவிட்டு லைனை நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கு இழுத்துவிடலாம், சப்-ஸ்டேஷனிலிருந்தே மண்ணுக்கடியில் கொண்டுவரலாம், பேனலில் இன்னொரு செட் எல்.ஏ. போடலாம் என்று மற்ற மூன்று. ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) இணைப்பு வைத்திருக்கும் பலருக்கும் இதே குழப்பம் வரும் என்பதால், அன்று போட்ட கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் மேலே வரும் லைன் ஆலை வாசலில் உள்ள டி.பி. ஸ்ட்ரக்சரில் (இரட்டைக் கம்ப அமைப்பு) முடிகிறது. அங்கிருந்து 150 மீட்டர் எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பாலித்தீன் இன்சுலேஷன்) கேபிள் மண்ணுக்கடியில் ஓடிப் பிரேக்கர் பேனலில் ஏறுகிறது. அதைத் தாண்டி 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். எல்.ஏ. இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று டி.பி.யின் உச்சியில், இன்னொன்று பிரேக்கருக்கு அப்பால் டிரான்ஸ்ஃபார்மர் புஷிங்கில் (கம்பி உள்ளே நுழையும் பீங்கான் முனை). காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

வாய்க்காலும் மடையும்

கம்பியில் விழும் மின்னல் உடனே எல்லா இடத்துக்கும் பரவிவிடுவதில்லை. மேல்நிலைக் கம்பியில் அந்த மின்னழுத்தம் ஓர் அலையாக, ஒரு மைக்ரோ விநாடிக்கு சுமார் 300 மீட்டர் ஓடுகிறது. எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் அதுவே 160, 170 மீட்டர்தான். வாய்க்காலில் மடையைத் திறந்ததும் தண்ணீரின் முகம் நகர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மடை மூடியிருந்தால் அந்த முகம் மோதி மேலே எழும்பி, வந்த வழியே திரும்பும். மின்னழுத்த அலையும் மூடிய மடையைக் கண்டால் அப்படித்தான் எழும்பும். கேபிளின் அந்தப் பக்கம் பிரேக்கர் ஆஃப் என்றால் மடை மூடியிருக்கிறது என்று அர்த்தம். வந்த அலை அங்கே இரண்டு மடங்காகும். பிரேக்கர் ஆனில் இருந்தாலும், அப்பால் எல்.ஏ. இல்லையென்றால் நிலைமை பெரிதாக மாறாது. டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் இவ்வளவு வேகமான அலைக்குக் கிட்டத்தட்ட மூடிய மடைதான்.

மின்னல் நேராகக் கம்பியில் விழவேண்டும் என்றுகூட இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பொறியாளர் ரஸ்க் 1950களில் கொடுத்த சூத்திரத்தில் 8 மீட்டர் உயரக் கம்பி, 100 மீட்டர் தள்ளி விழும் 30 கிலோ ஆம்பியர் மின்னல் என்று போட்டுப் பாருங்கள். கம்பியில் 90 கிலோவோல்ட்டுக்கு மேல் தூண்டப்படும். ஆக, பக்கத்துத் தென்னை மரத்தில் விழுந்த இடியே ஆலைக்குள் 100 கிலோவோல்ட் அலையை அனுப்பிவிட முடியும். 11 கே.வி. கேபிளும் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களும் தாங்கும் அளவு, அதாவது பி.ஐ.எல்., 75 கிலோவோல்ட்.

இங்கே பலரும் நம்பும் ஒன்றைப் பேசியாகவேண்டும். "கேபிள் இருந்தால் அலையை அதுவே குடித்துவிடும்" என்பார்கள். பாதி உண்மை. கம்பியின் சர்ஜ் இம்பீடன்ஸ், அதாவது சர்ஜுக்கு (இந்தத் திடீர் அலைக்கு) அது காட்டும் எதிர்ப்பு, சுமார் 400 ஓம், கேபிளினுடையது சுமார் 40 ஓம். அலை கம்பியிலிருந்து கேபிளுக்குள் நுழையும்போது பதினொன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். 100 கிலோவோல்ட் வந்தால் 18 கிலோவோல்ட் நுழைகிறது. பேனல் முனையில் அது 36 ஆகிறது. இத்தோடு நின்றால் கவலையே இல்லை. ஆனால் திரும்பிய அலை கம்ப முனையில் மீண்டும் மோதி மறுபடி உள்ளே வருகிறது. இரண்டாவது சுற்றில் பேனல் முனை 66, மூன்றாவது சுற்றில் 90. நம் 150 மீட்டர் கேபிளில் ஒரு சுற்றுக்கு 1.8 மைக்ரோ விநாடிதான். 5 மைக்ரோ விநாடிக்குள் 75-ஐத் தாண்டிவிடுகிறது. மின்னல் அலையின் வால் அதைவிட நீளமானது. கேபிள் செய்வதெல்லாம் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவதுதான். கேபிள் 30 மீட்டர் என்றால் இதே ஏற்றம் ஒரு மைக்ரோ விநாடிக்குள் முடிந்துவிடும். இந்தப் படிக்கட்டை ஒரே காகிதத்தில் வரைந்து பார்க்க 1930களிலேயே பொறியாளர் பியூலி கற்றுக்கொடுத்த கட்ட வரைபடம் இருக்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். ஆலை வாசலில் நின்று வரைந்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

பெரிய எல்.ஏ.வா, சின்னக் கம்பியா

இப்போது முதல் யோசனை. 5 கே.ஏ.வை எடுத்துவிட்டு 10 கே.ஏ. போடுவது. 11 கே.வி.க்கு நாம் மாட்டும் 9 கே.வி. ரேட்டிங் ஜிங்க் ஆக்சைடு எல்.ஏ., தன் குறுக்கே சுமார் 30 கிலோவோல்ட்டில் அலையைப் பிடித்து நிறுத்துகிறது. பெரியதை மாட்டினால் இந்த 30-ல் சில கிலோவோல்ட் குறையும், ஆயுளும் கூடும். நல்லதுதான். ஆனால் அன்று கேபிளைக் கொன்றது அந்த 30 இல்லை.

டி.பி.யின் உச்சியில் இருந்த எல்.ஏ.வின் எர்த் கம்பி கம்பத்தோடு 7 மீட்டர் இறங்கித் தனி எர்த் குழியில் முடிந்தது. கேபிளின் காப்பர் ஸ்கிரீனும் (இன்சுலேஷனைச் சுற்றிய செம்பு உறை) ஆர்மரும் (வெளி இரும்புக் கவசம்) வேறொரு குழிக்குப் போயின. எந்தக் கம்பிக்கும் மீட்டருக்கு சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று ஏறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. 5 கிலோ ஆம்பியர் ஒரு மைக்ரோ விநாடியில் ஏறினால் மீட்டருக்கு 5 கிலோவோல்ட். 7 மீட்டருக்கு 35 கிலோவோல்ட். எல்.ஏ.வின் 30-ஐயும் சேர்த்தால் கேபிளின் கம்பிக்கும் ஸ்கிரீனுக்கும் இடையே 65 நிற்கிறது. குழியின் எர்த் 5 ஓம் என்று வையுங்கள். 5 கிலோ ஆம்பியர் அதில் இறங்கும்போது இன்னொரு 25 கிலோவோல்ட் எழும். ஸ்கிரீன் தனிக் குழியில் இருப்பதால் அதுவும் கேபிள் இன்சுலேஷன் மீதுதான் ஏறும். இரண்டும் சரியாக ஒரே கணத்தில் உச்சம் தொடுவதில்லை என்றாலும், 65 மட்டுமே இரட்டித்தால் 130. தாங்கும் அளவு 75.

பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. எர்த்தை ஓர் ஓமுக்குக் கொண்டுவர உப்பும் கரியும் கொட்டி, குழிக்கு மேல் குழி வெட்டிப் பணத்தைச் செலவழிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். எர்த் நன்றாக இருக்கவேண்டும், மறுக்கவில்லை. ஆள் உயிருக்கும் ரிலேவுக்கும் அது வேண்டும். ஆனால் சர்ஜிலிருந்து கேபிளைக் காப்பாற்றுவது எர்த் ஓம் இல்லை. எல்.ஏ.வின் கீழ்முனையும் கேபிளின் ஸ்கிரீனும் ஒரே புள்ளியில், மிகக் குட்டையான கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா என்பதுதான். கட்டியிருந்தால் எர்த் எவ்வளவு எழும்பினாலும் ஸ்கிரீனும் சேர்ந்து எழும்பும். கேபிளின் குறுக்கே எல்.ஏ.வின் 30 மட்டுமே நிற்கும். தனிக் குழி இருக்கட்டும், விதிப்படி வேண்டும். அதற்குமுன் மேலேயே இரண்டையும் கட்டுங்கள். இதற்கு ஆகும் செலவு இரண்டு லக், கொஞ்சம் காப்பர் பட்டை, ஒரு மணி நேர ஷட்டவுன்.

ஆகவே 10 கே.ஏ. யோசனையை நான் தள்ளிவைத்தேன். தவறு என்பதால் இல்லை, வரிசையில் அது பின்னால் வருவது. ஒன்றை மட்டும் உடனே மாற்றச் சொல்வேன்: இன்னும் சில பழைய டி.பி.க்களில் பீங்கானுக்குள் இடைவெளி வைத்த சிலிகான் கார்பைடு எல்.ஏ. நிற்கிறது. உள்ளே ஈரம் இறங்கி எப்போதோ செத்திருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது.

ஆர்சிங் ஹார்ன் யோசனைக்கு அதிக நேரம் தேவையில்லை. இடைவெளி தாண்டிப் பொறி விட்டால் அது லைனுக்கு நேர் ஷார்ட். ஒவ்வொரு இடிக்கும் ஃபீடர் (சப்-ஸ்டேஷனிலிருந்து வரும் லைன்) டிரிப் ஆகும். செங்குத்தாக ஏறும் அலைக்கு இடைவெளி தாமதமாகத்தான் விழிக்கும். விழித்ததும் மின்னழுத்தம் சடாரென்று அறுந்து விழுவது டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சில சுற்றுகளை வதைக்கும். அணில் ஏறி இடைவெளியை இணைத்துவிடுவது வேறு. எல்.ஏ. இல்லாத இடத்தில் ஒன்றுமில்லாததற்கு இது தேவலாம், அவ்வளவுதான்.

கேபிளே வேண்டாமா, கேபிள் மட்டுமே வேண்டுமா

லைனை நேராக டிரான்ஸ்ஃபார்மர் வரை இழுத்துவிடும் யோசனையை நான் முதலில் அலட்சியமாகக் கேட்டேன். பிறகு உட்கார்ந்து பார்த்தால் சர்ஜ் கணக்கில் அதுவே மிகச் சுத்தமானது. இடையில் கேபிள் சந்திப்பே இல்லை, படிக்கட்டும் இல்லை. எல்.ஏ.வை டிரான்ஸ்ஃபார்மர் டேங்கிலேயே மாட்டி, கீழ்முனையை டேங்கோடு கட்டினால் புஷிங்கின் குறுக்கே 30-க்குச் சற்று மேல்தான் நிற்கும். வயல் நடுவே பம்ப்செட்டுக்கான டிரான்ஸ்ஃபார்மருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் இந்த ஆலை முற்றத்தில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கத் திரும்புகின்றன. மேலே தார்ப்பாய் கட்ட ஆள் ஏறுகிறான். சாலைக்குக் குறுக்கே 11 கே.வி. கம்பிக்கு 6.1 மீட்டர் உயரம் விதி. அந்த உயரத்தைக் கொடுத்தாலும் பொதிமேல் நிற்கும் ஆளின் கையில் ஒரு இரும்புக் கம்பி இருந்தால் போதும். கேபிளை மிச்சப்படுத்த ஆளைப் பணயம் வைப்பதை நான் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எதிர்ப்பக்கத்து யோசனை, சப்-ஸ்டேஷனிலிருந்தே மண்ணுக்கடியில். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆசை புரியும். கடலோர ஊர்களுக்குப் புயலை நினைத்து மண்ணுக்கடியில் போவது நியாயம். ஆனால் நம் கேள்வி சர்ஜ். வழியில் விழும் இடிகள் இதில் தொடாது, உண்மை. அதே சப்-ஸ்டேஷன் பஸ்ஸில் (எல்லா ஃபீடருக்கும் பொதுவான கடத்தி) மற்ற ஃபீடர்கள் மேல்நிலையில்தான் இருக்கின்றன. அவற்றில் விழுந்தது பஸ் வழியாகக் குறைந்த அளவிலாவது இங்கேயும் வரும். கிலோமீட்டர் கணக்கில் கேபிள் என்றால் செலவு பலமடங்கு. இடையில் எத்தனையோ ஜாயின்ட், சாலை தோண்டும் ஜே.சி.பி. வேறு.

கேபிளில் பழுது வந்தால் தேடுவதும் இந்த அலையை வைத்துத்தான். லொகேட்டர் வண்டி ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். பழுதில் மோதித் திரும்ப 10 மைக்ரோ விநாடி ஆனால் பழுது ஏறக்குறைய 825 மீட்டரில் என்று அர்த்தம். கேபிளைக் கொல்லும் அதே இயல்பு அதன் காயத்தைக் காட்டியும் கொடுக்கிறது. இந்தத் துறையில் என்னை ஒட்டிக்கொள்ள வைத்தவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இடத்தைச் சரியாகக் குறிக்க அந்த வண்டி உயர் மின்னழுத்தத்தால் திரும்பத் திரும்ப அடிக்கும்போது பழைய எக்ஸ்.எல்.பி.இ. மேலும் பலவீனமாகும். டி.சி. ஹைபாட், அதாவது உயர் டி.சி. மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் அப்படியே. ஈரம் ஏறிய பழைய கேபிளுக்கு மிகக் குறைந்த அதிர்வெண் ஏ.சி. சோதனையைக் கேளுங்கள். ஒரு தனி ஆலை சர்ஜ் ஒன்றுக்காகப் பல கிலோமீட்டர் கேபிளைத் தலையில் ஏற்றிக்கொள்வது என் கணக்கில் நிற்கவில்லை.

கம்பமா, பேனலா

மிஞ்சியது உண்மையான போட்டி. எல்.ஏ. கம்பத்தில் மட்டும், பேனல் முனையில் மட்டும், அல்லது இரண்டிலும்.

பேனலில் மட்டும் வைத்தால் முதல் பார்வைக்கு நன்றாகவே தோன்றும். இரட்டிப்பு நடக்கிற இடத்திலேயே பிடிக்கிறோம் அல்லவா? 100 கிலோவோல்ட் அலைக்கு அது சமாளித்தும்விடும். ஆனால் கடைசி ஸ்பானிலேயே (கடைசி இரண்டு கம்பங்களுக்கு இடையே) இடி விழுந்து 400 கிலோவோல்ட் வந்தால், நுழையும்போதே 73. கம்பத்து டெர்மினேஷனைக் காக்க அங்கே யாரும் இல்லை. அதைவிட எனக்குப் பெரிய கவலை, மின்னலின் மின்னோட்டம் கேபிள் வழியாக ஆலைக்குள் வந்து ஆலையின் எர்த்தில் இறங்குவது. ரிங் ஃபிரேம்களின் (நூற்கும் இயந்திரங்கள்) டிரைவ்களும் பி.எல்.சி.யும் (கட்டுப்பாட்டுக் கணினி) அதே எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இடியை வாசலுக்கு வெளியே கம்பத்தடியில் இறக்கிவிடவேண்டும்.

கம்பத்தில் மட்டும் வைத்தால்? எர்த் கம்பியைச் சரிசெய்து, கட்டும் நீளம் மொத்தம் ஒரு மீட்டருக்குள் வந்தது என்று வைப்போம். 30-ம் 5-ம் 35. பேனல் முனையில் இரட்டித்து 70. தாங்கும் அளவு 75. கடந்துவிட்டது போலத் தெரியும். பாதுகாப்பு இடைவெளி குறைந்தது 20 சதவீதமாவது வேண்டும் என்பது வழக்கம். இங்கே இருப்பது 7. கேபிள் புதிதாக இருக்கும்போது 75 தாங்கும். பத்து வருடம் ஈரத்தில் கிடந்த பிறகு அதே 75-ஐ யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

கேபிள் குட்டை என்றால் கதை வேறு. 20 மீட்டருக்குள் இருந்தால் அலை முழுதாக ஏறுவதற்குள்ளேயே கம்பத்து எல்.ஏ.வின் உதவி போய்ச் சேர்ந்துவிடும், இரட்டிப்பு முழுமையாகாது. 25, 30 மீட்டரைத் தாண்டிவிட்டால் முழு இரட்டிப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன். 33 கே.வி. இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அங்கே தாங்கும் அளவு 170. 30 கே.வி. எல்.ஏ. பிடித்து நிறுத்துவது ஏறக்குறைய 90, 100. இரட்டித்தால் 180-க்கு மேல். கொஞ்சம் நீளமான கேபிளுக்குக் கம்பத்தில் மட்டும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இரண்டிலும் வைத்தால் பேனல் முனையில் 30-க்குச் சற்று மேல் நிற்கும். கேபிளின் நடுப்பகுதியில் 50 வரை வரலாம். அதுவும் 75-க்கு வெகு கீழே. மூன்று ஃபேஸுக்கும் ஒரு செட் எல்.ஏ. சில ஆயிரம் ரூபாய். ஒரு டெர்மினேஷன் கிட், ஆள்கூலி, இரண்டு நாள் மில் நிற்பதன் நஷ்டம் இவற்றோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டாவது செட் பிரேக்கருக்கு முன்னால், கேபிள் வந்து ஏறும் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்த ஆலையில் அது பிரேக்கருக்குப் பின்னால், டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது. மில் ஓடும் நாட்களில் பிரேக்கர் ஆனில் இருந்ததால் அந்த எல்.ஏ. கேபிள் முனையையும் சேர்த்துக் காத்துவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரேக்கரை ஆஃப் செய்ததும் கேபிள் அனாதையானது. எலெக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்போ வருசா வருசம் லீவு நாள்ல இடி வந்தப்பல்லாம் தப்பிச்சிட்டுதான் இருந்திருக்குங்களா" என்றார். ஆமாம், அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆர்.எம்.யு. (ரிங் மெயின் யூனிட், ரிங் ஆக ஓடும் கேபிள்களை இணைக்கும் மூடிய சுவிட்ச் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு இடம் இல்லையே என்ற கேள்வி வரும். டி-கனெக்டரின் (கேபிளை அந்தப் பெட்டியில் சொருகும் இணைப்பு) பின்புறம் சொருகும் எல்.ஏ. கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். ரிங்கில் திறந்தே வைத்திருக்கும் சுவிட்சின் இருபுறமும் மூடிய மடைதான் என்பதையும் மறக்கவேண்டாம். ஹெச்.டி. மோட்டாரை வேக்குவம் பிரேக்கரால் ஓட்டுபவர்களுக்கு வரும் சர்ஜ் வேறு வகை. அதற்கு மோட்டாரடியில் ஆர்.சி. ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த அலைத்தணிப்பி) வேண்டும், எல்.ஏ. மட்டும் போதாது.

கடைசியில் செய்தது இவ்வளவு. டி.பி.யின் உச்சியில் இருந்த மூன்று எல்.ஏ.வையும் இறக்கி, கேபிள் டெர்மினேஷனுக்குப் பக்கத்திலேயே தனி ஆங்கிளில் மாட்டினோம். லைன் முதலில் எல்.ஏ.வைத் தொட்டுப் பிறகு கேபிளுக்குப் போகும்படி ஜம்பரைத் திருப்பினோம். கீழ்முனைகளை ஒரு காப்பர் பட்டையில் சேர்த்து, கேபிளின் ஸ்கிரீனையும் ஆர்மரையும் அதே பட்டையில் 30 சென்டிமீட்டருக்குள் கட்டி, அங்கிருந்துதான் எர்த் குழிக்கு இறக்கினோம். பேனலின் கேபிள் அறையில் இன்னொரு செட். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தது அப்படியே இருக்கிறது.

எலெக்ட்ரீஷியனிடம் ஒரு வேலையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். கம்பத்து எல்.ஏ.க்களின் அடியில் டிஸ்கனெக்டர் இருக்கிறது. எல்.ஏ. செத்தால் எர்த் கம்பியை அறுத்துத் தொங்கவிட்டுவிடும். அதன்பின் லைன் வழக்கம்போல ஓடும், கேபிள் காவலின்றி நிற்கும். ஒவ்வொரு பெரிய இடிமழைக்கு மறுநாளும் கீழே நின்று அண்ணாந்து மூன்று கம்பியும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஐப்பசி இடி முடிந்த மறுநாள் காலை ஃபோன் வந்தது: "மூணும் இருக்குதுங்க சார்."